அடியில் விட்ட இடம்

"யாரோ உங்களுக்குக் குழி பறிக்கிறான், ஏட்டய்யா. யாருன்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

உதவி கமிஷனர் அந்த மொட்டைக் கடுதாசியை மேஜை மேல் தட்டி வைத்தார். ஒரே ஒரு பக்கம். கம்ப்யூட்டரில் அடித்தது. அனுப்பியவர் பெயர் கிடையாது.

எதிரே நின்ற ஏட்டு இன்னும் நாலே நாளில் ஓய்வு பெறப் போகிறவர். ஸ்டேஷனின் எழுத்து வேலை மொத்தமும் இருபத்தெட்டு வருஷமாக அவர் கையில்தான். அவர் எழுதினால் எந்தக் கொம்பன் வக்கீலாலும் அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. அப்பேர்ப்பட்ட மனுஷன் மேல் கடைசி நேரத்தில் சேற்றை வாரி இறைக்கிறார்களே என்று உதவி கமிஷனருக்கு மனசு கொதித்தது.

"முதல்ல உட்காருங்க. பதினோரு வருஷக் கதை. அந்த வேன் டிரைவர், ஞாபகம் இருக்கா?"

"மறக்குமாங்கய்யா? திருட்டுக் கேசுல சந்தேகத்துல கூட்டிட்டு வந்தோம். திருடினது வேற ஆளு."

"அப்ப இருந்த இன்ஸ்பெக்டர் விட்ட அறையில அவனுக்குக் காது போச்சாம். நீங்க ஸ்டேஷன் டைரியில 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்'னு எழுதிட்டீங்களாம். அடிச்சவரே போய்ச் சேர்ந்துட்டார். டைரி எழுதின உங்களை இந்தக் கடுதாசிக்காரன் இப்பப் பிடிச்சு இழுக்கறான். உங்க பென்ஷனுக்கே வேட்டு வைக்கப் பார்க்கறான்."

ஏட்டு தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். "அடி ஒரு நிமிஷம்ங்கய்யா. எழுத்து பதினோரு வருஷமா அப்படியே நிக்குது."

"அட, விடுங்க."

"இழப்பீடு கேட்டு அந்த டிரைவர் போட்ட வழக்குல நாளைக்குக் கடைசி விசாரணை. அந்த டைரியைக் காட்டித்தான் நாம ஜெயிக்கப் போறோம்."

"ஜெயிச்சுட்டுப் போறோம். மொட்டைக் கடுதாசி கோர்ட்டுல செல்லாது. துணிஞ்சு கையெழுத்துப் போட ஒருத்தன் வேணும். இவனுக்கு அந்தத் தைரியம் இல்ல. கோழை!"

"ஆமாங்கய்யா. கோழைதான்."

"நம்ம ஆளும் இல்ல. இங்க பாருங்க, அடியில நாலு விரல் இடம் காலி. நம்ம ஆளா இருந்தா, பின்னாடி யாரும் எதையும் சேர்க்காம இருக்கக் குறுக்கே ஒரு கோடு இழுத்திருப்பான். இந்த ஸ்டேஷனுக்கே அதைப் பழக்கினது நீங்கதானே?"

ஏட்டு அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன மாசம் அந்த டிரைவரைக் கடைத்தெருவுல பார்த்தேங்கய்யா. பின்னாடி லாரி ஹாரன் அடிக்குது, அவருக்குக் கேட்கல. அவர் பொண்ணு கையைப் பிடிச்சு இழுத்துச்சு. திரும்பினவர் என்னைப் பார்த்ததும் கும்பிட்டாருங்கய்யா. பயந்துபோய்க் கும்பிட்டாரு."

உதவி கமிஷனர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார்.

"மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. 'இதில் உள்ளது அத்தனையும் பொய்'னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. ஃபைலை மூடிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

ஏட்டு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். வெள்ளைத் தாளை ஓரமாக நகர்த்திவிட்டு, மொட்டைக் கடுதாசியைத் தன் பக்கம் இழுத்தார். அடியில் இருந்த காலி இடத்தில் தன் பெயர், பதவி, தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இதுக்குன்னுதான் இடம் விட்டேங்கய்யா, தபால்ல போடறப்பக் கை வரல" என்றவர், கையெழுத்துக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் யாரும் எதையும் சேர்க்க முடியாதபடி குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.