நாமக்கல்லிலிருந்து பேரிங்

"பேரிங் வந்துடுச்சுக்கா. அவரு பேசினாரா?"

கூரியர் பெட்டியைக் கிழித்துக்கொண்டே கோபி கேட்டான். இல்லை என்று தலையாட்டினாள் வர்ஷினி. அவன் அக்கா.

ஹைதராபாத் லோத்குண்டாவில் அவர்கள் வீட்டு வாசலில், சக்கரம் கழற்றிய டிரெய்லர் செங்கல் அடுக்கின்மேல் நின்றது. கல்யாணங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது கோபியின் தொழில். அதை ஏற்றிப்போக ராணுவ ஏலத்தில் எடுத்த டிரெய்லர் அது. பேரிங் தேய்ந்து பிரேக்கும் போன பிறகுதான், அச்சு எந்தக் கம்பெனியுடையது என்றே யாருக்கும் தெரியவில்லை என்பது தெரிந்தது. பேரிங்கிலிருந்த நம்பரும் அழிந்திருந்தது. ராணிகஞ்ச் கடைகளில் ஒவ்வொருவராக உருட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள்.

கடைசியில் யாரோ நாமக்கல் ஜகதீசனின் நம்பரைக் கொடுத்தார்கள். லாரி, டிரெய்லர் உதிரிப்பாகக் கடைக்காரன். அளவு சொன்னால் அனுப்பிவிடுவான் என்றார்கள்.

ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனி லேபில் வர்ஷினிக்கு வேலை. வெர்னியரில் அளக்கத் தெரிந்தவள் என்பதால் அவனிடம் பேசும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. புது ஆளிடம் பேசுவதென்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் அவளுக்கு.

"ஒரு சக்கரத்துக்கு ரெண்டு பேரிங்குங்க. உள்ள இருக்கறது பெருசு, வெளிய இருக்கறது சின்னது. ரெண்டையும் தனித்தனியா அளந்துட்டீங்களா?"

"ஹவ்."

உடனே ஜகதீசன், உள்வட்டத்தில் வெர்னியரை எப்படிப் பிடிக்க வேண்டும், அகலத்தை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று நிதானமாக ஆரம்பித்தான். அவள் அளந்து எழுதியே வைத்திருந்தாள். ஆனாலும் குறுக்கே பேசவில்லை.

"பிரேக் டிரம்முல கோடு விழுந்திருக்குங்களா?"

"ஹவ்."

தூசி உள்ளே போய் டிரம்மை எப்படி அரிக்கும், எந்த அளவுவரை கடைசல் பிடிக்கலாம் என்று அதற்கும் ஒரு பாடம்.

"கிரீஸ் நீங்களே அடைச்சுக்குவீங்களா?"

"ஹவ்."

உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கும்வரை அடைத்துக் காட்டும் வீடியோவே அன்று மாலை வந்தது.

லேபில் ஒன்றைக் கேட்டால் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்லும் சீனியர்களுக்கு நடுவில் இருப்பவள் வர்ஷினி. கேட்காமலே இவ்வளவு சொல்லும் மனிதனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அளவெல்லாம் கொடுத்து முடித்த பிறகும் போன் வந்தது. அவளும் எடுத்தாள்.

போன வாரம், பிரேக் ஷூவில் இடது, வலது பார்த்து மாட்டச் சொல்லிக்கொண்டிருந்தவன், திடீரென்று "என்னைக் கட்டிக்கச் சம்மதங்களா?" என்று கேட்டுவிட்டான்.

வர்ஷினி சம்மதம் சொன்னாள். யோசிக்கக்கூட இல்லை.

ஆனால் அவன், "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று வைத்துவிட்டான். அதன் பிறகு போனே இல்லை. இன்று பெட்டி மட்டும் வந்திருக்கிறது.

"எனக்குப் புரியலக்கா. மறுபடி சொல்லு. கேட்டது அவரு?" என்றான் கோபி.

"ஹவ்."

"சரின்னது நீ?"

"ஹவ்."

"யோசிக்கிறேன்னு சொன்னதும் அவருதானா?"

"ஹவ்டா. ஆமா ஆமான்னு எத்தனை தடவை சொல்றது?"

"கடைக்காரரு இல்ல? ஆர்டரை எடுத்துட்டு ஸ்டாக் இருக்கான்னு பார்க்கப் போயிருப்பாரு."

அவள் சிரிக்கவில்லை. உள்ளங்கையில் கிரீஸை எடுத்து, வீடியோவில் பார்த்தபடியே பேரிங்கில் அடைக்க ஆரம்பித்தாள். கோபி வாங்கி அச்சில் ஏற்றினான். இம்மியும் ஆடாமல் போய் உட்கார்ந்தது.

"சரியா இருக்குன்னு சொல்ற மாதிரி ஒரு போன் போடேன்க்கா."

"நக்கோ, வேண்டாம். கேட்டவரு அவரு. அவரே பேசட்டும்."

"ரெண்டு பேரும் இப்படியே இருந்தா, நீயும் இந்த டிரெய்லர் மாதிரி செங்கல் மேல நிக்க வேண்டியதுதான்."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வயதான அம்மாள் ஒருவர் இறங்கினார். பின்னாலேயே, கையில் கூரியர் ரசீதோடு ஓர் இளைஞன். ரசீதில் இருந்த முகவரியையும் டிரெய்லரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"டிரெய்லர் வீடு இதுதானுங்களா?"

குரலைக் கேட்டதும் வர்ஷினி கிரீஸ் கையோடு எழுந்து நின்றாள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"இவங்கதாம்மா" என்று ஜகதீசன் பெருமையாகத் தன் அம்மாவிடம் காட்டினான். "சும்மா தலையாட்டிட்டுப் போற ஆளு இல்ல. எதைச் சொன்னாலும் விடாம எப்படி, எப்படின்னு கேட்டுத் தெரிஞ்சுக்குவாங்க. அதுலதான் எனக்குப் பிடிச்சுப்போச்சு."

அவள் பக்கம் திரும்பியதும் குரல் இறங்கிவிட்டது.

"ஆனா கட்டிக்கிறீங்களான்னு கேட்டதுக்கும், இங்கிலீஷ்ல 'ஹவ்'னு கேட்டுட்டீங்க. நாங்க நாமக்கல், நீங்க ஹைதராபாத், எப்படின்னு எனக்கே பதில் தெரியலீங்க. அதான் அம்மாவையே கூட்டிட்டு வந்துட்டேன்."

டிரெய்லருக்குப் பின்னால் கோபி சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அந்த அம்மாள் கிட்டே வந்து, "ஏங்கண்ணு, எம்பையனைக் கட்டிக்கச் சம்மதந்தானா?" என்று கேட்டார்.

"ஹ..." என்று ஆரம்பித்த வர்ஷினி, சட்டென்று நிறுத்தி, "ஆமாங்க" என்றாள்.