கிழட்டுக் கரின்யேனா

பிரியோராத் மலைச்சரிவின் கல் நிலவறைக்குள் காலை வெயில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் விழுகிறது. மேசைமேல் இரண்டு குடுவைகள். ஒன்றில் கர்னாச்சா திராட்சையின் மது, வெளிர்சிவப்பாக. மற்றதில் கரின்யேனா, மைபோல் கருத்து. பிளாய் கர்னாச்சாவை மட்டும் வாயில் விட்டுக் கொப்புளித்து, காலடி வாளியில் துப்புகிறான். மழை பொய்த்த ஆண்டு. மதுவில் வெறும் சூடுதான் இருக்கிறது, உயிர் இல்லை. இப்படியே போனால் எல்லாவற்றையும் அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டியதுதான். எதிரே அவன் மனைவி மெர்சே கைகட்டி நிற்கிறாள். மகசூல் குறைவென்று ஊரே கிழட்டுக் கரின்யேனாக் கொடிகளைப் பிடுங்கி எறிந்தபோது இவனும் தங்கள் கொடிகளைப் பிடுங்க டிராக்டரோடு போனான். இவள்தான் சுடும் பலகைக்கல் மண்ணில், கொடிகளுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். கொடிகள் பிழைத்தன, ஆனால் வெகுநாள் இருவருக்கும் பேச்சில்லை.

“அதையும் கொஞ்சம் கலந்து பாருங்க. ஒண்ணும் கடிச்சிடாது.”

“தெரியும். நீ சும்மா இரு.”

கர்னாச்சா இருக்கும் கோப்பையில் கரின்யேனாவை ஒரு கரண்டி ஊற்றிச் சுழற்றுகிறான். கோப்பையின் விளிம்பில் ஊதா ஏறுகிறது. வாயில் வைக்கிறான், கன்னங்கள் மெல்ல அசைகின்றன. கலவை பார்க்கும் நாளில் அவன் ஒரு சொட்டுக்கூட விழுங்கியதில்லை, நாக்கு மழுங்கிவிடும் என்பான். மெர்சே வாளியைக் காலால் அவன் பக்கம் தள்ளுகிறாள். அவன் தொண்டை ஏறி இறங்குகிறது.

“என்னங்க, வாளி கண்ணுக்குத் தெரியலையா?”

பிளாய் அவளைப் பார்க்காமலே கோப்பையை நீட்டுகிறான்.

“நீயும் துப்பிடாத, மெர்சே.”