ஒரு நிறுத்தம் முன்னால்

“அக்கா, இம்புட்டு வேகமா ஓடி எங்கதான் போற?” என்று மைதானக் காவலர் லூர்துசாமியின் மகள் ஒருநாள் கேட்டாள். ஜெசிந்தா ஓடி ஓடிக் கடலையே தாண்டிவிட்டாள். வெளிநாட்டுப் போட்டியில் தங்கம் வென்று, இரண்டு விமானமும் ஒரு ரயிலும் மாறி, கழுத்தில் பதக்கத்தோடு இப்போது ஊர்ப் பேருந்தில் வந்துகொண்டிருந்தாள்.

“மேளத்தோட பஸ் ஸ்டாண்டுல நிக்கிறோம். தூங்கி ஊரத் தாண்டிப் போயிறாதடி!” என்று அண்ணன் போனில் கத்தினான். அவள் சிரித்துக்கொண்டே ஒரு நிறுத்தம் முன்னால், மைதானத்துப் பக்கம் இறங்கிவிட்டாள்.

மைதானத்துப் புழுதி பட்டால் அவளுக்கு மூச்சு இரைக்கும். அதனால் அவள் பயிற்சிக்கு வருமுன்பே லூர்துசாமி குடம் குடமாகத் தண்ணீர் தெளித்து வைப்பார். நன்றி சொன்னால், “போ தாயி, பனி பேஞ்சிருக்கும்” என்று மழுப்புவார். இப்போது ஓட வரும் பிள்ளைகளுக்கும் தெளிக்கிறாராம், வலிக்கிற தோளோடு.

மாதா கோவிலின் விடியற்கால முதல் மணி இன்னும் அடிக்கவில்லை. காவலர் அறையிலிருந்து குறட்டை கேட்டது. ஜெசிந்தா பதக்கத்தைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு குடத்தை எடுத்தாள். மைதானத்தின் கடைசி மூலைவரை நனைத்தாள். பிறகு குடத்தை இருந்த இடத்திலேயே கவிழ்த்துவிட்டு, தூரத்து மேளச் சத்தத்தை நோக்கி ஓடத் தொடங்கினாள்.