கால் பெல்ட்டின் முடிச்சு

"உன் கால் பெல்ட்டை இன்னைக்கு நான்தான் கட்டினேன்" என்றாள் மதுவந்தி, படகுப் பந்தயத்தின் கடைசி மிதவையைச் சுற்றித் திரும்பும்போது. காலையிலிருந்து அவள் ஷெரினிடம் பேசியதே அவ்வளவுதான்.

ஷெரின் சட்டென்று குனிந்து காலடியில் இருந்த பெல்ட்டைப் பார்த்தாள். போன வாரம் வரை இந்தப் பாய்மரப் படகின் சுக்கான் மதுவந்தியின் கையில் இருந்தது. "அவளுக்குக் காத்தைப் பார்த்தாலே பயம் சார்" என்று பயிற்சியாளரிடம் சொல்லி அதைப் பிடுங்கியவள் ஷெரின். இப்போது பத்துப் பள்ளிகளின் படகுகளுக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். ஜெயித்தால், சுக்கான் பிடித்தவளுக்கு மாநில அணியில் இடம்.

காற்று திடீரென்று ஏறியது. பாய் புடைத்து, படகு ஒருபக்கமாகச் சரிந்தது. படகின் தரையில் கட்டிய பெல்ட்டுக்குள் பாதத்தை மாட்டி, இருவரும் உடம்பைக் கடலுக்கு மேல் மல்லாத்திச் சாய்த்தால்தான் அது நிமிரும். முடிச்சு அவிழ்ந்தால் சாய்ந்தவள் தண்ணீரில்.

மதுவந்தி தன் பெல்ட்டில் காலை மாட்டிச் சாய்ந்துவிட்டாள். "சாய்டி! என்ன, காத்தைப் பார்த்தா பயமா?"

ஷெரின் முடிச்சையே பார்த்தாள். சாயவில்லை.

படகு கவிழ்ந்தது. அவள் உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு மேலே வந்தபோது மற்ற பள்ளிகளின் பாய்கள் வரிசையாகக் கடந்து போயின. பக்கவாட்டில் கிடந்த படகுக்குள் கையை விட்டு, தன் பெல்ட்டைத் தேடிப் பிடித்து, ஆத்திரத்தோடு இழுத்தாள். முடிச்சு அசையவில்லை.

"இறுக்கமாத்தானே இருக்கு?" என்றாள் மதுவந்தி, படகின் அந்தப் பக்கம் மிதந்தபடி.

ஷெரின் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.