ஞாயிற்றுக்கிழமை ரசம்

"உங்களுக்கு வாரத்துல என்னிக்குக்கா லீவு?" என்று தேசியக் கொள்கைக் குழுவின் அதிகாரி ரெஹானா ஒருமுறை கேட்டபோது, பூரணி சிரித்தே விட்டாள். அந்தச் சிரிப்பிலிருந்து பிறந்ததுதான் புதிய திட்டம்: ஞாயிறுதோறும் அடுப்படி ஆண்கள் பொறுப்பு.

நாட்டின் சராசரி வீடு என்று குழு தேர்ந்தெடுத்திருந்தது தென்காசியில் பூரணியின் வீட்டைத்தான். எந்தத் திட்டத்தையும் முதலில் அங்கேதான் நடத்திப் பார்ப்பார்கள். அங்கே தோற்றால் நாட்டுக்கும் கிடையாது, பூரணிக்கும் கிடையாது.

அவள் கணவன் சங்கரலிங்கத்துக்கும் அது தெரியும். முதல் ஞாயிறன்று ரசத்தில் உப்பைக் கை நிறைய அள்ளிப் போட்டுவிட்டு, சோதிக்க வந்த ரெஹானாவுக்கு ஒன்றும் அறியாதவன்போல் பரிமாறினான்.

ரெஹானா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பூரணி தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நமக்கு இதெல்லாம் வராதும்மா. தோல்வின்னு எழுதிக்கோங்க" என்றான் அவன் பணிவாக.

"அவசரப்படாதீங்கண்ணே. கை பழகலைன்னா பயிற்சி கொடுக்கணும்னு எங்க விதி. மூணு மாசத்துக்கு தினமும் நீங்கதான் சமைக்கணும்."

"காலையிலயுமா?"

"இட்லியில ஆரம்பிங்க."

பூரணி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். "என்னங்க, வீட்டுல தக்காளி தீந்துபோச்சு."

சங்கரலிங்கம் ஆணியில் தொங்கிய பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.