ஆயில் வடித்த பிறகு

தெருமுனைக்கு வரும்போதே அவனுக்குக் கேட்டுவிட்டது. உடைப்பு யார்டுக்குள் ஒரு லாரி கத்திக்கொண்டிருந்தது.

அவனுடைய லாரிதான். இருபத்திரண்டு வருடம் அவன் காலடியில் ஓடிய இன்ஜின். நூறு வண்டிக்கு நடுவில் நின்று கத்தினாலும் அவனுக்கு அடையாளம் தெரியும்.

ஜாக்கி லிவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

பழைய வண்டியை உடைக்கக் கொடுத்தால் புது வண்டிக்குச் சலுகை என்று அரசாங்கம் அறிவித்ததிலிருந்து வீட்டில் மூன்று மாதமாக இதே ரகளை. கொடுத்துவிடு என்று மனைவியின் அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். என் பிணத்தைத் தாண்டித்தான் அது போகும் என்று இவன் கத்தினான். அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் அவன் ஒரு ஆள். கீழே இறங்கினால் அவனை நாய்கூட மதிக்காது. அது அவனுக்கே தெரியும்.

இன்று காலை சவரக் கடையில் முகத்தில் பாதிச் சோப்போடு உட்கார்ந்திருந்தபோது வண்டியை யார்டுக்கு ஓட்டிப் போகிறார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் வண்டி நின்ற இடத்தில் ஜாக்கியும் லிவரும் மட்டும் கிடந்தன.

யார்டில் முதலில் இன்ஜினைத்தான் கொல்வார்கள். திருட்டுத்தனமாக வேறு வண்டியில் மாட்டிவிடக் கூடாது என்று விதி. ஆயிலைச் சொட்டு விடாமல் வடித்துவிட்டு, ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துப் பிடிப்பார்கள். பத்து நிமிடம் தாங்காது. பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். அதற்குள் போய் நிறுத்திவிட்டால் பிழைக்க வைத்துவிடலாம்.

கேட்டில் காவலாளி கையை நீட்டி மறித்தார். அந்தக் கையிலேயே ஒரு போடு போட்டான். எலும்பு முறிந்தது இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

உள்ளே மச்சான் நின்றிருந்தார், ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

கள்ளக் கையெழுத்துப் போட்ட களவாணி. வேறு எப்படி நடந்திருக்கும்? ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது மனைவியின் பெயர். கல்யாணமான மறு வருடம் வண்டி வாங்கியபோது, வரி குறையும் என்று எவனோ சொன்னதைக் கேட்டு அப்படி எழுதிவைத்தது. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு நட்டைக்கூடக் கழற்ற முடியாது. அவள் போடமாட்டாள் என்பதைப் போன வாரமே அவன் உறுதி செய்துகொண்டிருந்தான்.

"கள்ளக் கையெழுத்துன்னு நெனைக்காத மாப்ள. அவளேதான் போட்டா."

சொல்லி முடிக்குமுன் வாயிலேயே விழுந்தது. ஒரு பல் தெறித்து ஃபைல் மேல் விழுந்தது.

நியாயமாகப் பார்த்தால் மச்சான் இவனை ஒரு கையால் தூக்கி எறியக்கூடிய ஆள். ஆனால் திருப்பி அடிக்கவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடியும் வழியில் வந்து நின்றார். அடுத்த அடி தோளில். அதற்கடுத்தது முழங்காலில். கீழே விழுந்தும் மனிதர் விடவில்லை, இவன் காலைக் கட்டிக்கொண்டார். நேரத்தைக் கடத்துகிறார் என்று இவனுக்குப் புரிந்தது. முகத்திலேயே மிதித்துக் காலை உருவிக்கொண்டான்.

இன்ஜின் சத்தம் மாறியிருந்தது. அடிவயிற்றிலிருந்து டக் டக்கென்று ஒரு தட்டல். இன்னும் ஒரு நிமிடம் இருந்தால் அதிகம்.

அழுதுகொண்டே ஓடினான். அப்பா செத்தபோதுகூட அழாதவன்.

டிரைவர் பக்கத்துக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. கேபின் முழுக்கப் புகை. மிதிப்பவன் எவன் என்று தெரியவில்லை. எவனாக இருந்தாலும் மண்டையைப் பிளந்துவிடுவது என்று படியில் ஏறி, ஓர் ஈ உட்காரவிடாமல் துடைத்துத் துடைத்து வைத்திருந்த ஜன்னல் கண்ணாடியை ஒரே அடியில் நொறுக்கினான்.

அடுத்த அடிக்கு ஓங்குவதற்குள் யார்டு ஆட்கள் இரண்டு பேர் பின்னாலிருந்து பாய்ந்தார்கள். கையை முறுக்கி, லிவரைப் பிடுங்கி, கன்னத்தை உடைந்த ஜன்னலோடு வைத்து அழுத்தினார்கள். கண்ணாடி விளிம்பு தாடையைக் கிழித்தது.

அங்கிருந்து உள்ளே தெரிந்தது.

டிரைவர் சீட்டில் அவன் மனைவி.

நான் கொடுக்கவே இல்லை என்று பின்னால் யாரும் வழக்குப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக, வண்டிக்குச் சொந்தக்காரரையே உட்காரவைத்து மிதிக்கச் சொல்வது அந்த யார்டின் வழக்கம். அந்த சீட்டில் அவளை அவன் ஒருநாளும் உட்காரவிட்டதில்லை.

கண்ணாடிச் சில்லு பட்டு அவள் நெற்றியிலிருந்து ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை. ரோட்டைப் பார்ப்பதுபோல நேரே பார்த்துக்கொண்டு மிதித்தாள்.

"காலை எடுடி... உன்னைக் கும்பிடறேன், எடுத்துடுடி."

அவள் இன்னும் அழுத்தினாள். உள்ளே ஏதோ முறிந்தது. லாரி ஒருமுறை உடம்பை உதறிக்கொண்டு நின்றது.

சத்தம் அடங்கிய யார்டில், மண்ணில் கிடந்த மச்சான் இருமுவது கேட்டது.

யார்டு அதிகாரி மறுபக்கத்து ஜன்னல் வழியாக ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார். இன்ஜின் நின்றுவிட்டது என்பதற்கு இன்னொரு கையெழுத்து.

அவளுடைய வலது கை, விரல் முதல் முழங்கை வரை மாவுக்கட்டோடு மடியில் கிடந்தது. கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது என்று போன வாரம் அவன் கதவிடுக்கில் வைத்துச் சாத்திய கை. எப்படிப் போடுகிறாள் பார்ப்போம் என்று, அந்த நிலையிலும் அவனுக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வந்தது.

அவள் இடது கையை நீட்டிப் பேனாவை வாங்கினாள். தாளை ஸ்டியரிங் மேல் வைத்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே எழுதிப் பழகிய கை. தடங்கலில்லாமல், அழகாக, முழுப் பெயரையும் எழுதினாள்.

இருபத்து மூன்று வருடத்தில் அவள் எழுதி அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை.