சாலையைக் கடந்த ஆமை

முட்டைகள் வயிற்றில் கனக்க, ஆமை ஏரிக்கரை மணலுக்குக் கிளம்பியது. நடுவே அகலமான புதுச் சாலை. கார்கள் ஓயாமல் பறந்தன.

"கொஞ்சம் வழி விடுங்களேன்" என்று கெஞ்சியது ஆமை.

"கார்ல வர வேண்டியதுதானே? இந்த ஊர்ல யாரு நடக்கிறாங்க?" என்றபடி ஒரு கார் கடந்து போனது.

ஓரமாக வந்த சைக்கிள் நின்றது. "தனியா இறங்காதீங்க அக்கா, என்கூடவே வாங்க."

பின்னால் வந்த பஸ், விஷயத்தைக் கேட்டதும் சாலைக்குக் குறுக்கே திரும்பி நின்றுகொண்டது. கார்கள் அலறின.

"அந்தம்மா கடக்கட்டும். அதுவரை நான் நகர மாட்டேன்" என்றது பஸ்.

ஆமைக்குப் பயம் விட்டுப்போனது. தலையை நிமிர்த்தி, சைக்கிளோடு தன் நடையிலேயே கடந்தது. மணலில் கால் பட்டதும் திரும்பிப் பார்த்தது.

அந்தப் பக்கத்துப் புதர்களிலிருந்து தவளைகளும் நத்தைகளும் கீரிகளும் வரிசையாகச் சாலையில் இறங்கிக்கொண்டிருந்தன. பஸ் இன்னும் அசையவில்லை.